இரண்டு செட் யூனிஃபார்ம்

என் மனைவிக்குக் கம்பெனியில் கொடுத்தது இரண்டு செட் யூனிஃபார்ம். வெளிர் நீலச் சட்டை, கருநீல பேன்ட். வெயில் காலத்தில் அது ஒரு பிரச்சினையே இல்லை. ஒன்று உடம்பில் இருக்கும், ஒன்று கொடியில் இருக்கும். ஒரகடத்து வெயிலில் மாடியில் போட்ட சட்டை, ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் அப்பளம் மாதிரி மொறமொறத்துப் போய்விடும். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்ட பிறகுதான் இரண்டு என்பது எவ்வளவு குறைச்சல் என்று தெரிந்தது.

அந்த மழைக்காலத்தில் எனக்கு வேலை இல்லை. கியர் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்டில் இருந்தேன். கான்ட்ராக்ட் முடிந்ததும் பிரேக் என்றார்கள். பிரேக் விட்டால் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். கூப்பிடவில்லை. சில நாள் சிங்கப்பெருமாள் கோவில் வரை ஷேர் ஆட்டோவில் போய், வேலை பிடித்துக் கொடுக்கும் ஆபீஸ்களில் முகத்தைக் காட்டிவிட்டு வருவேன். மற்ற நாளெல்லாம் வீடுதான். சமையல், பாத்திரம், துணி எல்லாம் என் பக்கம் வந்தது. யாரும் பிரித்துக் கொடுக்கவில்லை. ஒருவர் நின்றுகொண்டே வேலை பார்த்துவிட்டு வந்து கால் வீங்கிப் படுத்திருக்கும்போது, இன்னொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது அல்லவா.

நாங்கள் இரண்டு பேரும் அருப்புக்கோட்டைப் பக்கம். இங்கே குடியிருந்தது ஒரு வரிசை வீட்டில். ஒரே அறை, அதை ஒட்டி ஒரு அடுக்களை, ஒரு குளியலறை. குளியலறைக்குள் இடம் இல்லாததால் வாஷிங் மெஷின் கட்டிலின் கால்மாட்டில் நின்றது. வீடு காலி செய்துகொண்டு போன ஒருவரிடம் பழசாக வாங்கிய மெஷின். மேலே மூடி திறந்து துணி போடுவது. துவைக்கும்போது சாதுவாக இருக்கும். பிழிய ஆரம்பித்தால்தான் அதன் சுபாவம் தெரியும். தரை சமமில்லை. நின்ற இடத்தில் உதறிக்கொண்டு, மெதுவாக நடந்து வந்து கட்டிலை இடிக்கும். அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசும்.

அந்த மாதம் அவளுக்கு நைட் ஷிப்ட். காலையில் கம்பெனி பஸ் ரோட்டு முனையில் இறக்கிவிடும். குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு, சாப்பிட்டும் சாப்பிடாமலும் படுத்துவிடுவாள். வீட்டுக்காரம்மா மோட்டார் போடுவதும் அந்த நேரத்தில்தான். மோட்டார் ஓடும்போது மட்டும்தான் மெஷினுக்குப் போதுமான வேகத்தில் தண்ணீர் வரும். அதனால் அவள் படுத்ததும் நான் துணியைப் போடுவேன். துவைக்கும் சத்தம், அலசும் சத்தம் வரை விடுவேன். பிழியும் கட்டம் வரும்போது நிறுத்திவிடுவேன். அவள் சாயங்காலம் எழுந்த பிறகு திரும்பப் போட்டுப் பிழிந்து, ஃபேனுக்கு அடியில் கட்டிய கயிற்றில் காயப்போடுவேன். ராத்திரி முழுக்க நின்று வேலை பார்த்தவளை எழுப்ப எனக்கு மனசு வரவில்லை. இதை அவளிடம் சொல்லவும் இல்லை. சொல்ல என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

ஒரு நாள் காலை வந்தவள் பையை நாற்காலியில் வைத்தாள். பை சரிந்து, உள்ளிருந்து ஒரு பவுடர் டப்பா உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. எடுத்துப் பார்த்தேன். புது டப்பா. அவள் முகத்துக்கே பவுடர் போடுகிறவள் இல்லை.

"இது எதுக்கு?"

"வச்சிருக்கேன். குடுங்க."

"எதுக்குன்னுதான கேட்டேன்."

கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னலில் வைத்தாள்.

"பஸ்ல எம்பக்கத்துல உக்கார்ற புள்ள இருக்காள்ல, தேனிக்காரி. கொஞ்ச நாளா ஏறுனதும் பின்னாடி சீட்டுக்குப் போயிர்றா. என்ன கோவமோன்னு இன்னைக்குக் கேட்டேன். ஒண்ணுமில்லக்கான்னா. விடாமக் கேட்டதும் சொல்லிட்டா."

"என்ன சொன்னா?"

"என் சட்டை நாறுதாம்."

"தெனமும் துவைச்சுத்தான குடுக்கேன்?"

"துவைச்சா நாறுமா?" அவள் குரல் உயர்ந்தது. "லைன்ல ஒருத்தி மேல ஒருத்தி இடிச்சுக்கிட்டு நிக்கோம். எத்தன பேரு மூக்கப் பிடிச்சுக்கிட்டு நின்னாளுகளோ. வீட்டுல சும்மாதான இருக்கீங்க, ரெண்டு சட்டைய ஒழுங்கா துவைக்க முடியலையா?"

சும்மா என்ற சொல் வாயிலிருந்து வந்ததும் அவளுக்கே என்னவோ போலாகிவிட்டது. டீயைப் பாதி குடித்து வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பதிலுக்கு என் வாயில் ஏதோ வந்தது. அதைச் சொன்னால் அன்றைய அவள் தூக்கம் போய்விடும் என்று விழுங்கிக்கொண்டேன்.

ஆணியில் அவள் கழற்றி மாட்டிய சட்டையை எடுத்து மோந்து பார்த்தேன். காலர் பக்கம் சோப்புத்தூள் வாசனைதான். அக்குளில் மூக்கை வைத்தபோது தெரிந்தது. மழையில் நனைந்து மூலையில் கிடந்த கோணிச்சாக்கின் வாடை. பெட்டியில் துவைத்து மடித்து வைத்திருந்த இன்னொரு சட்டையை எடுத்தேன். எங்கே மோந்தாலும் ஒன்றும் இல்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. காய்ந்திருக்கும்போது இந்த வாடை ஒளிந்துகொள்கிறது. உடம்பு வேர்த்துத் துணி நனைந்ததும் வெளியே வருகிறது. இஸ்திரி போட்டு மடித்துக் கையில் கொடுக்கிற என் மூக்குக்கு அது தெரிய வழியே இல்லை.

அன்றிலிருந்து நான் செய்தது முழுக்கத் தப்பு. சோப்புத்தூளை இரண்டு மடங்காக்கினேன். வாசனைக்கென்று விற்கும் திரவத்தை வாங்கி வந்து மூடி மூடியாக ஊற்றினேன். தரை துடைக்கிற கிருமிநாசினியையும் ஒரு தடவை சேர்த்தேன். துணி வெளியே வரும்போது பூக்கடை மாதிரி மணக்கும். அவள் போட்டுக்கொண்டு போய்த் திரும்பி வந்தால், பூக்கடையும் கோணிச்சாக்கும் சேர்ந்த இன்னொரு வாடை. அவள் எதுவும் கேட்கவில்லை. பவுடர் டப்பா பையிலேயே இருந்தது. கேட்காமல் இருந்ததுதான் கஷ்டமாக இருந்தது.

ஒரு காலையில் வீட்டுக்காரம்மா வாசலில் வந்து நின்றார். அவர்கள் இந்த ஊர்க்காரர்கள். நிலம் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு வந்த பணத்தில் இந்த வரிசை வீடுகளைக் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார்கள். மாடி வீட்டில் இருக்கிற அவருக்கு முழங்கால் வலி. படி இறங்கி வருவதே அபூர்வம்.

"இன்னா தம்பி, பாக்கெட்ட அப்பிடியே கொட்டிக்கினியா? கால்வாயில நுர பொங்கிக்கினு வந்து எங்க வூட்டு வாசல்ல நிக்குது பாரு."

எட்டிப் பார்த்தேன். மழை விழ விழ, சாக்கடையில் நுரை பஞ்சுப்பொதி போல எழும்பிக்கொண்டிருந்தது.

"இது உப்புத்தண்ணிதான்க்கா. கொஞ்சமாப் போட்டா அழுக்கு போக மாட்டேங்குது."

"அதுக்குன்னு இத்தினியா? அடைச்சிக்கிச்சுன்னா எவன் வந்து எடுக்கறது? ஏற்கெனவே மழ தண்ணி போவ வழி இல்லாம கீது. பாத்து போடுப்பா." குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பொண்ணு தூங்குதா?" என்றார். தலையாட்டினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனார்.

அந்த நுரையைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் பழைய வேலை ஞாபகம் வந்தது. கியர் பாகங்களை எண்ணெய் போகக் கழுவும் மெஷினில் நான் கொஞ்ச காலம் நின்றிருக்கிறேன். கழுவும் மருந்தைத் தண்ணீரில் கலந்து, ஒரு சொட்டு எடுத்துச் சின்னக் கருவியில் வைத்து அளவு பார்ப்போம். அளவு கூடினால் சூப்பர்வைசர் கத்துவார். கூடினால் நன்றாகத்தானே கழுவும் என்று புதிதாக வந்தவர்கள் எல்லோரும் நினைப்போம். கழுவும். ஆனால் அலசிப் போகாது. உலர்ந்த பிறகு இரும்பின் மேல் வெள்ளையாக ஒரு படலம் நிற்கும். அந்தப் படலத்தின் மேல் தூசி பிடிக்கும். அந்த லாட் சரக்கு முழுக்கத் திரும்பக் கழுவ வேண்டியிருக்கும். ஷிப்ட் ஷிப்டாகப் பார்த்த அந்தப் படலத்தை என் வீட்டுச் சட்டையில் நான் தேடிப் பார்க்கவே இல்லை.

துவைத்து மடித்து வைத்திருந்த சட்டையை எடுத்து ஒரு வாளி நல்ல தண்ணீரில் முக்கிப் பிசைந்தேன். சோப்பு எதுவும் போடவில்லை. தண்ணீர் கழுநீர் போலக் கலங்கி, மேலே நுரை கட்டியது. துவைத்த சட்டை! அதற்குள் எத்தனை நாள் சோப்பு இருந்ததோ தெரியவில்லை.

மெஷினையும் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. டிரம்மின் அடியில் துணியைச் சுழற்றுகிற தட்டு ஒன்று இருக்கும். நடுவில் ஒரே ஒரு ஸ்க்ரூ. சத்தம் வராமல் கழற்ற வேண்டியிருந்ததால் வெகுநேரம் பிடித்தது. துருப்பிடித்திருந்தது. எண்ணெய் விட்டு, காத்திருந்து, திரும்ப முயன்று ஒருவழியாகத் தட்டைத் தூக்கியதும் வாடை முகத்தில் அறைந்தது. சாம்பல் நிறத்தில் களி போல ஒன்று அடியில் அப்பியிருந்தது. தலைமுடி, நூல், ஒரு ஹூக், கரையாத சோப்புத்தூள், நான் ஊற்றிய வாசனைத் திரவம், உப்புத்தண்ணீர் விட்டுப்போன உப்புப்பாறை எல்லாம் சேர்ந்து இறுகிய களி. சட்டையின் வாடை அதேதான். ஒவ்வொரு நாளும் அந்தக் களிக்கு மேலேதான் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"என்னங்க நாத்தம் இது?" கட்டிலிலிருந்து அவள் குரல் வந்தது. கண்ணைத் திறக்கவில்லை.

"ஒண்ணுமில்ல. சாக்கடை. நீ படு."

பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். கத்தி முனையால் சுரண்டினேன். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு வாங்கி வந்து வெந்நீரில் கரைத்து ஊற்றி ஊற வைத்தேன். உப்புப்பாறையெல்லாம் பொறுபொறுவென்று பொங்கி இளகியது. எல்லாம் முடிந்து நிமிர்ந்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. சோப்புத்தூளைப் பாதிக்கும் கீழே குறைத்தேன். அலசுவதை இரண்டு தடவை ஆக்கினேன். வாசனைத் திரவத்தைக் குப்பையில் போட்டேன்.

வாடை குறைந்தது. போகவில்லை. இப்போது எனக்குச் சோதிக்கத் தெரிந்திருந்தது. அக்குள் பக்கம் தண்ணீர் தெளித்து, சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்து, எழும்பும் ஆவியில் மூக்கை நீட்டுவேன். கோணிச்சாக்கு மெலிதாக இருந்துகொண்டே இருந்தது. இனி என்ன செய்வது என்று தெரியவில்லை. அந்த வாரத்தில் வேலைக்கென்று ஒரு இடத்திலும் கூப்பிடவில்லை. இதையாவது சரி செய்வோம் என்று பார்த்தால் இதுவும் பிடிகொடுக்கவில்லை. கயிற்றில் தொங்கும் ஈர பேன்ட்டுகளுக்கு நடுவே குனிந்து குனிந்து நடப்பதே ஆயாசமாக இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் அவள் குளியலறைக்குப் போக எழுந்தாள். போகும் வழியில் எதற்கோ மெஷின் மூடியைத் தூக்கினாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"காலைல போட்டதா இது?"

"ஆமா."

"இன்னும் தண்ணி சொட்டச் சொட்டக் கெடக்கு. பிழியலையா?"

"சாயங்காலம் பிழியலாம்னு."

"கரண்டு இருக்குல்ல. ஏன், இப்பப் பிழிஞ்சா என்ன?"

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "நீ தூங்குற. இது போடுற ஆட்டத்துல எந்திரிச்சிருவ."

"தெனமும் இப்பிடித்தான் போட்டு வைக்கீங்களா?"

"தெனமுந்தான்."

அவள் மூடியைக் கையில் பிடித்தபடியே நின்றாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நான் எங்க தூங்குறேன்?" என்றாள். "கண்ண மூடிப் படுத்துருக்கேன், அவ்வளவுதான். பகல்ல எனக்குத் தூக்கமே வரல. நைட் போட்டதுலருந்து இப்பிடித்தான். ரெண்டு மணி நேரம் சேந்தாப்புல தூங்குனா அதிகம். நீங்க ஸ்க்ரூடிரைவர வச்சுக்கிட்டு இதக் கழட்டுனது, சுரண்டுனது எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் கெடந்தேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க வேலையில்லாத கவலையோட இதையும் சேத்து வச்சுக்குவீங்க. எனக்காக அடுப்படியில டம்ளரக்கூட சத்தமில்லாம வைக்கீங்க. அந்த மனுசன்ட்ட போயி எனக்குத் தூக்கம் வரலன்னு எப்பிடிச் சொல்ல?"

வெளியே மழை விட்டு, கூரைத் தகரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. துணி அரை நாள் ஈரத்தில் ஊறிக் கிடந்தால் அது நாறாமல் என்ன செய்யும். இதைக் கண்டுபிடிக்கத் தனியாக அறிவு வேண்டியதில்லை. தெரிந்தேதான் செய்தேன். ஆனால் பிழியாமல் போட்டு வைப்பதையும் சட்டையின் வாடையையும் ஒருநாள்கூடச் சேர்த்துப் பார்க்கவில்லை.

அவள் எழுந்து போய்ப் பொத்தானை அழுத்தினாள். மெஷின் உறுமியது, உதறியது, நடந்து வந்து கட்டிலை இடித்தது. டம்ளர்கள் கலகலத்தன. அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

"யம்மா, சகிக்கல," என்றாள். பல நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "இது இங்க இருக்கக் கூடாது. வீட்டுக்காரக்காட்ட கேளுங்க. மாடிப்படிக்குக் கீழ எடம் சும்மாதான கெடக்கு."

கேட்டேன். வீட்டுக்காரம்மா உடனே முடியாது என்றார்.

"போன வாட்டி குடியிருந்தவன் அங்கதான் வண்டிய நிறுத்திக்கினு படி முழுக்க ஆயில் ஆக்கிட்டான். இப்போ நீ மிஷினு வெச்சினா நாளிக்கு பக்கத்து வூட்டுக்காரன் கேப்பான். அத்தோட அந்த நுர!"

"நுரை இப்ப வருதாக்கா? பாருங்க."

அவர் எட்டிப் பார்த்தார். கால்வாயில் வெறும் மழைத்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"வர்ல," என்று ஒத்துக்கொண்டார். பிறகு மாடியைக் கைகாட்டினார். அங்கே தகரக் கொட்டகையின் கீழ் கொடி முழுக்கப் போர்வையும் புடவையும் வேட்டியும் கனத்துத் தொங்கின. "அத்தப் பாரு. நாலு நாளாச்சு. கையால புழிய முடியல என்னால, முட்டியும் போச்சு, மணிக்கட்டும் போச்சு. எல்லாம் நாறிப்போயி கீது. உன் மிஷின்ல புழிஞ்சி மட்டும் தருவியா?"

"தர்றேன்க்கா."

"அப்போ வெச்சிக்க. ஸ்விட்ச்சு போர்டு நம்ப எலக்ட்ரீசனாண்ட சொல்றேன்."

நானும் பக்கத்து வீட்டுக்காரரும் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்ப் படிக்குக் கீழே வைத்தோம். ஆட்டம் நிற்க, உடைந்த டைல்ஸ் துண்டு ஒன்றை ஒரு காலுக்கு அடியில் கொடுத்தேன். அன்று முதல் வேலை, அவர்கள் வீட்டுப் போர்வைகளைப் பிழிந்தது. அப்புறம் எங்கள் துணி. துவைத்த கையோடு பிழிந்து, சட்டையைத் திருப்பி, ஹேங்கரில் ஒன்றுக்கொன்று தொடாமல் மாட்டி ஃபேனைப் போட்டேன். பேன்ட் இடுப்புப் பட்டையும் பாக்கெட்டும்தான் கடைசிவரை ஈரம் பிடித்து நிற்கும். பாக்கெட்டை வெளியே இழுத்துவிட்டேன். இஸ்திரி ஆவியில் மூக்கை நீட்டியபோது சூட்டு வாசனை மட்டும்தான் இருந்தது. நம்பிக்கை இல்லாமல் இரண்டு சட்டையையும் மாற்றி மாற்றி மோந்தேன்.

அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வாரக் கடைசியில் ஒரு காலையில் அவளே சொன்னாள்.

"தேனிக்காரி இன்னைக்கு எம்பக்கத்துல வந்து உக்காந்துட்டா. உக்காந்தது மட்டுமில்ல, எந்தோள்ல சாஞ்சு வாயப் பொளந்துக்கிட்டுத் தூங்குறா. எறங்குற வரைக்கும் நான் அசையல. தோளு மரத்துப்போச்சு."

"எழுப்ப வேண்டியதுதான?"

"பாவம், தூங்கட்டும்னு விட்டுட்டேன்."

அவளுடைய தூக்கம் மட்டும் சரியாகவில்லை. ஜன்னலுக்குக் கருப்புத் துணி கட்டினோம். மெஷின் போன இடத்தில் கட்டிலைத் திருப்பிப் போட்டோம். கொஞ்சம் தேவலை என்றாள். ஷிப்ட் மாறிய பிறகுதான் முழுசாகத் தூங்கினாள். மாசி வாக்கில் எனக்கு வாலாஜாபாத் ரோட்டில் ஒரு பேக்கிங் யூனிட்டில் வேலை கிடைத்தது. பழைய வேலை அளவுக்கு இல்லை. ஆனாலும் போனேன். என் காக்கிச் சட்டையும் அவள் நீலச் சட்டையும் சேர்ந்துகொண்டு துணி இரண்டு மடங்கானது. யார் வீட்டில் இருக்கிறார்களோ அவர்கள் போடுகிறோம். சில நாள் இருவருமே இருப்பதில்லை. கூடை நிரம்பி வழிகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருக்கும் லீவு. பெரிய போர்வையைப் போட்டிருந்தோம். அலசி முடிக்கும்போது கரண்டு போய்விட்டது. அப்படியே விட இருவருக்குமே பயம். தண்ணீரோடு போர்வையைத் தூக்கி வெளியே எடுத்தோம். ஒரு முனையை அவள் பிடித்தாள், மறுமுனையை நான். எதிரெதிராக முறுக்கினோம். தண்ணீர் எங்கள் கால் மேலேயே கொட்டியது. இரண்டாவது முறுக்கிலேயே அவளுக்குக் கை ஓய்ந்துவிட்டது. எனக்கும் தோள் வலித்தது. மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மா, "இன்னும் ஒரு முறுக்கு குடுங்க, தண்ணி அப்பிடியே நிக்குது" என்றார்.

"போதும்க்கா. சொட்டட்டும்," என்றாள் அவள்.

கொடியில் போட்டு நடுவில் இரண்டு கிளிப் குத்திவிட்டு, படியிலேயே உட்கார்ந்துவிட்டோம்.